வராத வெள்ளிக்கிழமை

நான் வாயால் பிழைப்பவன். அபியா கடைத்தெருவில், துணிக்கடைக்கு மேல், மாடி ஏறி மூச்சு வாங்கும் இடத்தில் எங்கள் வானொலி நிலையம் இருக்கிறது. காலை ஏழே காலுக்கு ‘இன்றைய நாள்’ என்று எனக்குப் பத்து நிமிஷம். முதலில் சரித்திரம், பிறகு விளையாட்டு, கடைசியில் ஒரு பாட்டு. இதே தேதியில் முன்பு நடந்தவற்றைச் சொல்வேன். இருபது வருஷமாகச் சொல்கிறேன்.

தேதியில் தப்பு விட்டால் சமோவாவில் என்னைச் சும்மா விடமாட்டார்கள். எப்போதோ நடந்த ரக்பி ஆட்டத்தில் ஒரு புள்ளியைக் குறைத்துச் சொல்லிவிட்டால் போதும், அன்று ஆடியவனின் மாமன் மச்சான் எல்லாம் போனில் வரிசை கட்டுவார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு. நாட்டில் பாதிப் பேர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைக் கேட்கிறார்கள் என்று மனைவி தலிலாவிடம் பீற்றிக்கொள்வேன்.

“மீதிப் பாதி நிம்மதியா பல்லு தேய்க்குது,” என்பாள் அவள்.

இந்தப் பெருமைதான் என்னை ஒரு தாயின் வீட்டு வாசலில் தலைகுனிந்து உட்கார வைத்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் அரசாங்கம் எங்களைச் சர்வதேசத் தேதிக் கோட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தூக்கி வைத்தது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் திங்கட்கிழமை வேலை செய்யும்போது நாங்கள் ஞாயிறு என்று கோயிலில் உட்கார்ந்திருக்கிறோமாம், வியாபாரம் கெடுகிறதாம். அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் சாலையில் வலப்பக்கம் போன வண்டிகளை எல்லாம் இடப்பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். பழகிப்போன ஜனம் இதற்கும் தலையாட்டியது. வியாழக்கிழமை படுத்தோம். எழுந்தால் சனிக்கிழமை. டிசம்பர் முப்பது, வெள்ளி, எங்கள் நாட்டுக்கு வரவே இல்லை.

எண்பது மைல் தள்ளி, அமெரிக்கக் கொடியின் கீழ் இருக்கும் எங்கள் சொந்தபந்தங்களின் தீவில், பாங்கோ பாங்கோவில், அது வழக்கம்போல வந்துவிட்டுப் போனது. இதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை மைக்கின் முன் உட்கார்ந்தபோது எனக்கு நாக்கு துறுதுறுத்தது. “நேயர்களே, நேற்றைய சரித்திரம்: நேற்று சமோவாவில் யாரும் பிறக்கவில்லை. யாரும் சாகவில்லை. ஒருத்தரும் பெண்டாட்டியை முறைக்கவில்லை. விளையாட்டு: நேற்று எந்த ஆட்டத்திலும் சமோவா தோற்கவில்லை. நேற்று நம் நாட்டில் பாடப்பட்ட ஒரே பாட்டு இதோ.” சொல்லிவிட்டு அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டேன். வானொலியில் அரை நிமிஷம் என்பது ரொம்ப நீளம். அதன் முடிவில் என் பக்கத்துப் பொத்தானை அழுத்தி ஒரு சேவலைக் கூவவிட்டேன்.

ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பஸ்ஸில், சந்தையில், போதகர் வீட்டில்கூட அதே பேச்சு. பிறகு ஒவ்வொரு டிசம்பர் முப்பதும் அது என் முத்திரை ஆகிவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்ததுமே, “அபெராமோ, இந்த வருஷம் வெள்ளிக்கிழமைப் பாட்டு உண்டுதானே?” என்று தெருவில் நிறுத்திக் கேட்பார்கள். அரை நிமிஷ மௌனத்தைப் பாட்டு என்று விற்று ஊரையே கட்டிப்போட்டவன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ரூதா முதல்முறை வந்தது இரண்டாயிரத்துப் பதினைந்தின் கடைசியில். தெற்குக் கரையில், மலைச்சாலை இறங்கும் சியூமு கிராமத்துக்காரி. அறுபது தாண்டியிருக்கும். கோயிலுக்குப் போடும் வெள்ளை உடுப்பு, கையில் வாழையிலை மூடிய கூடை. படியேறி வந்து வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

“தம்பி, முப்பதாம் தேதி நீ வாசிக்கிறதுல எம் மவன் பேரையும் சேர்க்கணும். ஃபிலெமோனி. அன்னிக்குத்தான் செத்தான்.”

“எந்த வருஷம்மா?”

“பதினொண்ணு.”

நான் சிரித்தேன். கடவுளே, பல்லைக் காட்டிக்கொண்டு சிரித்தேன். ஏதோ நேயர் என்னிடம் விளையாட வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். அவள் முகம் மாறாததைப் பார்த்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தினேன்.

“அம்மா, அந்த வருஷம் முப்பதே கிடையாதே. முப்பத்தொண்ணா இருக்கும். அன்னிக்கு வாசிக்கிறேன், சரியா?”

“முப்பத்தொண்ணு இல்ல தம்பி. அன்னிக்கு அவன் சவக்கிடங்குல கிடந்தான்.”

“மரண அறிவிப்புன்னா பக்கத்து ரூம்புல வாங்குறாங்கம்மா. இது சரித்திரம், விளையாட்டு, பாட்டு.”

கூடையை வைத்துவிட்டுப் போனாள். தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலைப் பொதி. நானும், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் தீமாவும் விரலை நக்கிக்கொண்டு சாப்பிட்டோம். அந்த வருஷமும் என் ஜோக்கைச் சொன்னேன். ஊர் சிரித்தது.

அடுத்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், திரும்பவும் வந்தாள். இந்தத் தடவை கூடையோடு ஒரு பிளாஸ்டிக் உறையும் இருந்தது. உள்ளே பாங்கோவில் கொடுத்த இறப்புச் சான்றிதழ். வெள்ளிக்கிழமை, டிசம்பர் 30, 2011, மாலை நான்கு மணி. கடலில் மூழ்கிச் சாவு.

தீமா அவளுக்கு நாற்காலி போட்டாள். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

ஃபிலெமோனி பாங்கோவில் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்தான். ஊரில் இருந்தவரை சியூமு கிரிகிட்டி அணிக்கு அவன்தான் விசில்காரன். எங்கள் ஊர்க் கிரிக்கெட்டான கிரிகிட்டியில் மட்டை பிடிப்பவனைவிட விசில்காரன் முக்கியம். அணியே அவன் ஊதலுக்குக் கை தட்டும், அவன் கட்டும் பாட்டைப் பாடும். எதிரணியில் ஒருவன் அவுட் ஆனால் அவன் மாமியார் வரை இழுத்து விசில்காரன் கேலி பாடுவான். இரண்டு பக்கத்துச் சனமும் வயிறு வலிக்கச் சிரிக்கும். ஃபிலெமோனி ஊதினால் மூன்று கிராமத்துக்குக் கேட்கும் என்றாள்.

“வியாழக்கிழமை சாயங்காலம் போன் பண்ணினான். ‘அம்மா, நாளைக்கு உனக்கு நாளே கிடையாது. உன் பங்கையும் சேர்த்து நானே வாழ்ந்துடறேன். என்ன நடந்துச்சுன்னு சனிக்கிழமை சொல்றேன்’னான். எப்பப் பாத்தாலும் அவனுக்கு வெளையாட்டுதான். சனிக்கிழமை போன் வந்துச்சு. பேசுனது அவன் இல்ல.”

ஆலை மத்தியானமே விட்டுவிட்டதாம். நண்பர்களோடு பவளத் திட்டுக்கு மீன் பிடிக்கப் போனவனை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கப்பலில் கொண்டு வந்து வீட்டு முன்னால் புதைத்தார்கள். கல்லில் என்ன தேதி போடுவது என்று தகராறு. அப்படி ஒரு நாளே நம் நாட்டில் இல்லை, முப்பத்தொன்று போடு என்றார் சபைக் கணக்கர். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ‘டிசம்பர் 2011’ என்று மட்டும் செதுக்கி, முன்னால் இரண்டு எண் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

“நீ ரேடியோவுல ஒருநாள் சொன்ன, தம்பி. ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்து ரெண்டுல நம்ம ஊருல ஜூலை நாலு ரெண்டு தடவை வந்துச்சுன்னு.”

“ஆமாம்மா. அப்ப கோட்டை இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் மாத்தினாங்க.”

“யாருக்கோ ஒரு நாளு ரெண்டு தடவை வந்துச்சு. எம் மவன் செத்த நாளு எனக்கு ஒரு தடவைகூட வரல. அவன் தண்ணிக்குள்ள மூச்சுக்குத் தவிச்ச நேரத்துல நான் எந்த நாளுல இருந்தேன், சொல்லு. பெத்தவளுக்கு வயித்துல ஒரு இழுப்பு வரும்பாங்க. எனக்கு ஒண்ணும் வரல. வருஷா வருஷம் நீ அன்னிக்கு யாரும் சாகலேங்கிற. ஊரு அதை நம்புது. இல்லாத நாளுல எவனும் சாக முடியாது. எம் மவன் செத்தான். ஒரே ஒரு தடவை அவன் பேரை முப்பதாம் தேதி சொல்லு. நான் கேட்டுக்கறேன். போதும்.”

தீமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். “சொல்றேம்மா, சத்தியமா சொல்றேன்,” என்றேன். அவள் என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிடி இரும்பு மாதிரி இருந்தது.

இங்கேயே நான் நல்லவனாக இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். அன்று ஜோக்கை விட்டுவிட்டுப் பேரை மட்டும் வாசித்திருக்க வேண்டும். மனசு வரவில்லை. அந்த வருஷம் முப்பது மறுபடியும் வெள்ளிக்கிழமையில் விழுந்தது. வராத வெள்ளி ஐந்து வருஷம் கழித்து வெள்ளியாகவே வருகிறது! இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? ஊரே காத்திருந்தது. ஒரு கடைக்காரன் அந்த அரை நிமிஷத்துக்கு விளம்பரம் கொடுக்க வந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“ரெண்டையும் சேர்க்காதீங்க அண்ணே,” என்றாள் தீமா. “ஜோக்கை விடுங்க. இல்லாட்டி பேரைச் சாயங்காலச் செய்தியில தனியா வாசிங்க.”

“அந்தம்மா காலையில கேக்கறேன்னு போயிருக்கு. எப்படி வாசிக்கணும்னு எனக்குத் தெரியாதா? என் நேயருங்களை எனக்குத் தெரியும் தீமா.”

“ஒரு தடவையாவது வாயைக் கட்டுங்கன்னுதான் சொல்றேன்.”

“வாயைக் கட்டினா சோத்துக்கு எங்க போறது?”

வெள்ளிக்கிழமை காலை ஏழே கால். யாரும் பிறக்கவில்லை, யாரும் முறைக்கவில்லை என்று ஆரம்பித்தேன். யாரும் சாகவில்லை என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அதுவே பெரிய தியாகம் என்று எனக்கு நினைப்பு. பாட்டு வந்தது, அரை நிமிஷ மௌனம். சேவல் கூவியது. அது கூவி முடித்த கையோடு குரலைத் தாழ்த்தி வாசித்தேன்: “விளையாட்டு. இரண்டாயிரத்துப் பதினொன்று, இதே டிசம்பர் முப்பது, வெள்ளிக்கிழமை. சியூமு கிரிகிட்டி அணியின் விசில்காரன் ஃபிலெமோனி காலமானார். அவர் விசில் மூன்று கிராமத்துக்குக் கேட்கும்.”

நன்றாகத்தான் வாசித்தேன் என்று நினைத்தேன். போன் அடித்தது.

முதல் ஆள் சிரித்த சிரிப்பில் அவனால் பேசவே முடியவில்லை. “அபெராமோ, எங்கேருந்துய்யா பிடிக்கிற இதெல்லாம்? இல்லாத நாளுல செத்தவன்! அப்ப அவன் இன்னும் உயிரோட இருக்கானா?” இரண்டாவது போனில் ஒருவன் விசில் அடித்துக் காட்டினான். “மூணு கிராமத்துக்குக் கேக்குதா பாரு!” மூன்றாவது ஒரு பள்ளிக்கூட வாத்தியார், இந்த வருஷத்து ஜோக்தான் எல்லாவற்றிலும் உசத்தி என்று பாராட்டினார். போனில் வரிசையாக எல்லா விளக்கும் எரிந்தது. நான் திரும்ப மைக்கைத் திறந்து, “நேயர்களே, இது விளையாட்டில்லை, நிஜம்,” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். இத்தனை வருஷமாகச் சிரிக்க வைத்தவன் ஒருநாள் நிஜம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தீமா என்னைப் பார்க்கவே இல்லை.

எட்டு மணி வாக்கில் சியூமு பஸ் ஓட்டுகிறவன் படியேறி வந்தான். ஆறடி உடம்பு, சின்னப்பிள்ளை மாதிரி வாசலில் கூசி நின்றான். கையில் கூடை. வாழையிலை மூடியிருந்தது.

“இது உங்களுக்காம். ஒரு அம்மா பஸ்ஸுல கொண்டாந்துச்சு, நான் இந்த ரூட்டுக்குப் புதுசு, யாருன்னு தெரியல. ரேடியோக்காரருக்குன்னு சொல்லி ஏறுச்சு. புது உடுப்பு, தலையில பூ. என் பக்கத்து சீட்டுலதான் உக்காந்திருந்துச்சு. ‘ரேடியோ சத்தத்தைக் கூட்டு தம்பி’ன்னு கேட்டுச்சு. நானும் கூட்டினேன்.”

அது ரூதா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும், “அப்புறம்?” என்று கேட்டேன்.

“பஸ்ஸே சிரிச்சுது சார். நானும்தான். பின்னாடி வெளியூருப் பசங்க ஒவ்வொருத்தனா விசில் அடிச்சானுங்க. நானும் ஹார்னை அப்படியே அடிச்சுக் காமிச்சேன்.” அவன் குரல் இறங்கிவிட்டது. “அந்தம்மா நிறுத்தச் சொல்லுச்சு. மலை உச்சியில, வீடு வாசல் இல்லாத இடம். எறங்கிடுச்சு. கூடையை மறந்துட்டீங்கன்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாக்கல, கீழ நடந்துச்சு. அப்புறம்தான் பின்னாடி ஒரு பொம்பளை சொன்னா, அவங்க மவன்தான் அதுன்னு.”

மலை உச்சியிலிருந்து சியூமுவுக்கு நடந்தால் இரண்டு மணி நேரம். வெயில். அந்த வயசில்.

கூடையை நான் தொடவில்லை. தீமா எடுத்துப் பார்த்தாள். சேம்பிலைப் பொதி இன்னும் சூடு ஆறாமல் இருந்தது.

வீட்டுக்குப் போய்த் தலிலாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். உள்ளே போய், அவள் அம்மா கொடுத்த மெல்லிய பாயைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் அதைவிட மதிப்பான பொருள் கிடையாது.

“நாளைக்குக் காலையில போய் உக்காருங்க,” என்றாள்.

இதை நாங்கள் இஃபோங்கா என்போம். பெரிய தப்பு செய்தவன், விடிவதற்கு முன் பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலில் போய்த் தரையில் தலைகுனிந்து உட்கார்ந்து, மெல்லிய பாயால் தன்னை மூடிக்கொள்வான். வீட்டுக்காரர் வந்து பாயை விலக்கினால் மன்னிப்பு. விலக்காவிட்டால் உட்கார்ந்தே இருக்க வேண்டும். அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். கொலைக்கும் அதற்குச் சமமானதற்கும்தான் அப்படி உட்காருவார்கள். குடும்பத் தலைவர் ஒருவர் கூடவே வந்து உட்காராவிட்டால் அது செல்லாது. தலிலாவின் அண்ணன் துயிலோமா வந்தார். மனுஷன் வழியெல்லாம் முணுமுணுத்தார்.

“என் பாட்டன் காலத்துலேருந்து கேட்டிருக்கேன். வெட்டுக் குத்துக்கு உக்காந்தவன் உண்டு, வண்டி ஏத்திக் கொன்னவன் உண்டு. ஜோக்குச் சொல்லிட்டுப் பாய்க்குள்ள உக்காரப் போற மொத ஆளு நீதான்யா.”

“அண்ணே, சும்மா வாங்க,” என்றாள் தலிலா.

“வர்றேன், வர்றேன். இவன் வாய்க்கு ஒரு பாய் பத்தாது, அதைச் சொல்றேன்.”

சனிக்கிழமை, முப்பத்தொன்று. கிழக்கு வெளுக்கும் நேரம். ரூதாவின் வீடு நாலு பக்கமும் திறந்த பழைய வீடு, முன்னால் வெள்ளையடித்த சமாதி. அதன் பக்கத்திலேயே சரளைக்கல்லில் மண்டியிட்டேன். தலிலா பாயைப் போர்த்தினாள். அண்ணன் எனக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

பாய்க்குள் ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். பாத்திரம் உருட்டும் சத்தம். கோகோ கொதிக்கும் வாசனை. “அத்தே, வெளிய ஆளுங்க உக்காந்திருக்காங்க,” என்று ஒரு இளம்பெண்ணின் குரல். பாத்திரச் சத்தம் நிற்கவில்லை. வெயில் ஏறியது. எறும்பு காலில் ஏறியது. ஏழே காலுக்கு உள்ளே வானொலி போட்டார்கள். எனக்குப் பதிலாகத் தீமா வாசித்தாள், ஒரு தடுமாற்றமும் இல்லாமல், ஒரு ஜோக்கும் இல்லாமல். அது முடிந்ததும் அணைத்தார்கள். முழங்கால் மரத்துப் போனது. குனிந்த கண்ணுக்குப் பாயின் ஓரத்தில் சமாதியின் அடிக்கல் கொஞ்சம் தெரிந்தது. ‘டிசம்பர்’ என்ற சொல்லும், அதன் முன்னால் எதுவும் செதுக்காத சின்னச் சதுரமும். அழுகை வந்தது. அழுதேன். துடைக்கக் கையை அசைக்கவில்லை, அசைக்கக் கூடாது.

எவ்வளவு நேரமோ. காலடிச் சத்தம் வந்து பக்கத்தில் நின்றது. பாயை விலக்கவில்லை. யாரோ மெதுவாக முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்காரும் சத்தம்.

“மலையிலேருந்து எறங்கும்போது உன்னைக் கொன்னுடலாம்னு நெனச்சேன்,” என்றாள் ரூதா.

பாய்க்குள் நான் பேசக் கூடாது.

“நேத்து ராத்திரி பூரா ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. அஞ்சு வருஷமா அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அந்தச் சனிக்கிழமை காலையில நீ மொதல்ல அந்த ஜோக்கைச் சொன்ன பாரு, அதை நான் கேட்டேன். சிரிச்சேன்யா. ‘நேத்து யாரும் சாகல’ன்னியே, அதுக்குத்தான் சிரிச்சேன். அன்னைக்குப் பூரா அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். சாயங்காலம் சேம்பு தோலு சீவிட்டு உக்காந்திருந்தப்பவும் தங்கச்சிகிட்ட அதைத்தான் சொல்லிட்டிருந்தேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. அப்பதான் அவன் தண்ணிக்குள்ள போயிருக்கான். அவனுக்கு வெள்ளி, எனக்குச் சனி. ரெண்டும் ஒரே நேரம். ரெண்டு மணி நேரம் கழிச்சு போன் வந்துச்சு.”

துயிலோமா பின்னால் எதையோ முனகினார். ஜெபமாக இருக்கும்.

“பஸ்ஸுல சிரிச்சவனுங்களை என்ன சொல்றது? எம் மவன் சாகற நேரத்துல சிரிச்ச மொத ஆளு நான்தான்.”

பாய் விலகியது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. என்னை எழுப்பவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பாயை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“மன்னிச்சுடுங்கம்மா,” என்றேன். வாயால் பிழைக்கிறவனுக்கு அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

“மன்னிக்காமத்தான் பாயை எடுத்தேனா? உள்ள வந்து கோகோ குடி.” எழுந்திருக்கப் பார்த்தவள் திரும்ப உட்கார்ந்தாள். “அடுத்த வருஷமும் அந்த ஜோக்கைச் சொல்லு.”

“இல்லம்மா. சத்தியமா இனிமே அதை வாயால சொல்ல மாட்டேன்.”

“சொல்லு. ஊரு சிரிக்கட்டும். அவன் ஊரைச் சிரிக்க வெச்சவன். ஊரு சிரிக்கறதுல அவனுக்கு என்ன கொறச்சல்? அந்த அரை நிமிஷம் சும்மா இருக்கியே, அப்ப மட்டும் மைக்கை மூடிட்டு அவன் பேரைச் சொல்லு. அது அவனோட நேரம்.”

“மைக்கை மூடினா உங்களுக்கு எப்படிம்மா கேக்கும்?”

“எனக்குக் கேக்கும்.”

சமாதியில் அந்த இரண்டு எண்ணை நான் ஆள் வைத்துச் செதுக்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். அந்த இடத்தை விரலால் தடவிவிட்டு, “இது பழகிப் போச்சு,” என்றாள்.

மறுவருஷம் டிசம்பர் முப்பது ஜோக்கைச் சொன்னேன். யாரும் பிறக்கவில்லை, யாரும் முறைக்கவில்லை. அரை நிமிஷம் வந்ததும் மைக்கை அணைத்தேன். “ஃபிலெமோனி,” என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தீமா தலை குனிந்திருந்தாள். சேவலைக் கூவவிட்டேன். போன் அடித்தது. சிரிக்கிறவர்கள் பத்துப் பேர். பதினோராவதாக ஒரு குரல்.

“கேட்டுச்சு.”

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

அதற்கடுத்த வருஷம் முப்பது ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் நிலையத்தில் தேவபாட்டு மட்டும், எனக்கு வேலை இல்லை. காலையில் சியூமு போய் அவளோடு சமாதி ஓரம் அரை நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, கோயில் மணி அடிக்கும் முன் திரும்பினேன். பிறகு மூன்று வருஷமும் போன் வந்தது. எந்த வருஷமும் ஒரு சொல்லுக்கு மேல் அவள் பேசியதில்லை. அந்தச் சொல்லுக்காக நான் வருஷம் முழுக்கக் காத்திருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது.

போன ஆகஸ்டில் அவள் இறந்தாள். மரண அறிவிப்பை நான்தான் கேட்டு வாங்கி வாசித்தேன். மகன் பக்கத்திலேயே புதைத்தார்கள். அவள் கல்லில் தேதி முழுசாக இருக்கிறது.

இன்று டிசம்பர் முப்பது, மறுபடியும் வெள்ளிக்கிழமை. ஊர் காத்திருந்தது. நானும் சொன்னேன். அரை நிமிஷம் வந்ததும் மைக்கை அணைத்து, “ஃபிலெமோனி,” என்றேன். அதோடு நிறுத்த முடியாமல், “ரூதா,” என்றேன். போனைப் பார்த்தேன். ஒவ்வொரு விளக்காக எரிந்தது. எடுத்தேன். சிரித்தார்கள். அடுத்ததை எடுத்தேன், அவர்களும் சிரித்தார்கள். அவள் இல்லை என்று எனக்குத் தெரியும். என் வாயாலேயே நாட்டுக்கு வாசித்துச் சொன்னவன் நான். இருந்தும் எல்லா விளக்கும் அணையும் வரை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டேன்.

தீமா கண்ணாடியைத் தட்டினாள். மைக் இன்னும் மூடியே இருந்தது. சேவலைக் கூவவிட மறந்திருந்தேன்.